நீல டிரம்முக்கு ஒரு போர்வை

அவர் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு பித்தளைக் குடம், தேங்காய் நார்க் கயிறு ஒரு சுருள், பூப்போட்ட பழைய போர்வை ஒன்று. புனேயின் பழைய பேட்டைகளைச் சுற்றிக் காட்டுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. வழிகாட்டி என்றால் ஒரு தொப்பி, ஒரு விசில், தொண்டை கட்டாமல் இருக்க நாலு இருமல் மிட்டாய், அவ்வளவுதானே? அவையும் அவரிடம் இருந்தன. ஆனால் நடைபாதையில் யாராவது இடித்தால் அவர் முதலில் தடவிப் பார்ப்பது தன் முழங்கையை அல்ல, பைக்குள் இருந்த குடத்தைத்தான்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைக்காரர். எங்கள் குடும்பத்துக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான், ஆனால் தாத்தா காலத்திலேயே புனே கன்டோன்மென்ட் ஓரம் வந்து ஒட்டிக்கொண்டோம். நான் பள்ளிக்கூட டீச்சர். சர்ச் வாசலில் யாரோ அறிமுகம் செய்துவைக்க, நான் பேசிய தமிழில் நெல்லை வாடையைக் கண்டுபிடித்து அன்றே எனக்கு ஒரு பதவி கொடுத்துவிட்டார்.

"கூட்டத்துக்குத் தல நான், வால் நீங்க. கடைசில நடந்து வரணும். வளையல் கடைல நிக்கவங்க, டாய்லெட் தேடிப் போறவங்க எல்லாரையும் பத்திக்கிட்டு வந்துருங்க டீச்சர்."

இப்படித்தான் நான் வால் ஆனேன். அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். அவரைப் போல எரிச்சல் மூட்டிய மனிதர் எனக்கு இன்னொருவர் வாய்க்கவில்லை. அவர் இல்லாத டிசம்பர் மாதங்களும் எனக்குப் பிடிக்கவில்லை.

குளிர் ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவருடைய 'பாரம்பரிய நடை' தொடங்கிவிடும். மகர்பட்டா, கோந்த்வா பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வரும். வரலாற்றின் மேல் ஆசை கொண்டவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு நடை முடிந்ததும் கிடைக்கப்போகிற காரசாரமான பயற்று மிசல் மேல் ஆசை. அப்பாக்களின் ஷூ விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பிள்ளைகள் தமிழை ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோலப் பேசும். ஷனிவார் வாடா கோட்டையின் பெரிய கதவின் முன்னால் கூடி, கஸ்பா பேட்டின் சந்துகளில் நுழைந்து, கோயில், கிணறு, மரத்தூண் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு வாடாவில் நடை முடியும்.

வாடா என்றால் நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும் அறைகள் வைத்து மரத்தால் கட்டிய பெரிய வீடு. பேஷ்வாக்கள் காலத்தில் ஒரு குடும்பம் இருந்திருக்கும். நான் பார்த்தபோது ஏழெட்டுக் குடித்தனங்கள். சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதை ஒரு இரும்புக் கம்பம் தாங்கி, அந்தக் கம்பத்தைப் பார்த்தால் அதையும் யாராவது தாங்க வேண்டும் போல இருக்கும்.

அங்கிள் நடை தொடங்குவதற்கு முன்பே இருட்டு விலகியும் விலகாமலும் இருக்கும்போது நேராக அந்த வாடாவுக்குப் போய்விடுவார். போய், வேலையை ஆரம்பிப்பார். முற்றத்து நடுவில் நிற்கிற பெரிய நீலப் பிளாஸ்டிக் டிரம்மைப் பூப்போட்ட போர்வையால் மூடுவார். அதன் மேல் கிடக்கும் ரோஸ் கலர் மக்கை டிரம்முக்குப் பின்னால் ஒளிப்பார். வாளிகளை மாடிப்படிக்கு அடியில் தள்ளுவார். ஸ்கூட்டரை வெளியே நிறுத்தச் சொல்வார். பிறகு பையிலிருந்து குடத்தை எடுத்து, புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு கிணற்று மேடையில் வைத்து, பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிப் போடுவார். கிணறு வறண்டு பல வருஷம் ஆகியிருந்தது. குடத்தைப் பார்த்தவர்கள் யாரும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

கொடியில் காயும் துணிகளுக்கும் தணிக்கை உண்டு. ஒன்பது கஜப் புடவை இருக்கலாம். வேட்டி இருக்கலாம். டிராக் பேண்ட் போக வேண்டும்.

"டீச்சர், அந்த நைட்டிய எடுக்கச் சொல்லுங்க. இவ்வளவு பழைய வீட்டுல நைட்டி தொங்குனா வரலாறு என்னத்துக்கு ஆவும்?"

நாங்கள் ஊர் சுற்றி அங்கே வந்து சேரும்வரை அப்படியே இருக்க வேண்டும் என்பது கட்டளை. அதுவரை அந்தக் குடித்தனங்கள் இன்றைய உலகத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை காதில் ஹெட்போனோடு வெளியே வந்த காலேஜ் பையனை, கையை ஆட்டி, கோழியை விரட்டுவதுபோல உள்ளே விரட்டினார்.

இதையெல்லாம் அவர்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். அந்த வாடாவில் யாருக்காவது வங்கியில் வேலை என்றால் அவரே கூடப் போய் வரிசையில் நிற்பார். மாடியில் இருந்த மந்தா காகூவின் புருஷனுக்குப் பென்ஷன் ஏதோ சிக்கலில் நின்றபோது, ஒரு வாரம் அலைந்து, மேனேஜரோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். காகூ என்றால் மராத்தியில் சித்தி, அத்தை மாதிரி. அவள் அவரை அண்ணா என்றாள். மதராஸ் பக்கத்து ஆண்கள் எல்லாரும் புனேயில் அண்ணாதான்.

"உங்க அண்ணா ஒரு பைத்தியம். ஆனா நல்ல பைத்தியம்," என்பாள் என்னிடம். சொல்லிக்கொண்டே நைட்டியை, அவள் பாஷையில் கவுனை, மாற்றி ஒன்பது கஜம் கட்டப் போவாள். குளிரில் அவளுக்குப் பிடித்தது கவுனும் அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டரும் தலையைச் சுற்றி ஒரு ஸ்கார்ஃபும்தான். ஆனால் எங்கள் கூட்டம் உள்ளே நுழையும்போது அவள் தூணுக்குப் பக்கத்தில், புடவையில், நடுங்கிக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். கேமராக்கள் எல்லாம் அந்த முறத்தின் மேல் பாயும். அவள் வீட்டுக்குப் பாக்கெட் அரிசிதான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். புடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் மகர்பட்டா இளைஞர் ஒருவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்: "இவங்கல்லாம் எவ்ளோ லக்கி! நம்ம ஃபிளாட்ல என்ன இருக்கு, ஒரு உயிரே இல்ல."

என்ன சொன்னார் என்று காகூ என்னைக் கேட்டாள். நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்களாம் என்றேன்.

"அப்படியா? வீட்டை மாத்திக்கலாமான்னு கேளு. இன்னிக்கே சாவி குடுக்கறேன்."

நான் கேட்டேன். அந்த இளைஞர் விழுந்து விழுந்து சிரித்து, காகூவையும் சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு காகூ என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் பையன் பதில் சொன்னானா?" அவள் விளையாட்டுக்குக் கேட்டதாகத்தான் முதலில் நினைத்தேன்.

கோந்த்வாவில் அங்கிளின் வீடு ஒன்பதாவது மாடியில். அங்கே பழைய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணாடி மேஜை, தோல் சோஃபா, தொட்டால் எரிகிற அடுப்பு. தண்ணீர் பிடித்து வைக்கப் பிளாஸ்டிக் பாட்டில்கள். ஆன்ட்டி என்னிடம் ஒரு தடவை மனம் விட்டுப் பேசினார்.

"எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த கொடம்லா அது. இவுக ஒரு நாள் அதுல தண்ணி குடிச்சது கிடையாது. பித்தள வாட அடிக்கும்பாவ. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா தூக்கிட்டுப் போயி ஊர்க்காரங்க எல்லாருக்கும் காட்டுதாவ."

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி இரண்டு நாள் நின்றபோது அங்கிள் தரையை மிதிக்கவே இல்லை. சொசைட்டி செயலாளருக்கு போன் மேல் போன். வயதானவர்கள் இருக்கிற இடத்தில் இது மனிதாபிமானம் அற்ற செயல் என்று ஆங்கிலத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். எனக்கும் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாடாவுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அவருக்கு அது கெட்ட காலம். வீட்டுக்காரரும் குடித்தனக்காரர்களும் ஒரு பில்டரோடு பேசி முடித்துவிட்டார்கள். பழையதை இடித்து, அதே இடத்தில் புதுக் கட்டடம் கட்டி, இப்போது இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு ஃபிளாட். காகூ செய்தியை என்னிடம் சொன்னபோது இரண்டே சொற்களை மாற்றி மாற்றிச் சொன்னாள். லிஃப்ட், பாத்ரூம். பாத்ரூம், லிஃப்ட்.

அவள் புருஷன் காகாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தொங்கும். கழிப்பறை கீழே, முற்றத்துக்கு அந்தக் கடைசியில், எல்லாக் குடித்தனங்களுக்கும் சேர்த்து. உள்ளே குழாய் கிடையாது. டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டு போக வேண்டும். காகா காலையில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். ஏறி வருவதற்குள் காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். சாயங்காலம் இன்னொரு தடவை இறங்க வேண்டுமே என்று மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். இதை அவள் அழாமல்தான் சொன்னாள்.

அங்கிள் சும்மா இருப்பாரா? 'வாடாவைக் காப்போம்' என்று எழுதி, ஒவ்வொரு நடையின் முடிவிலும் கையெழுத்து வாங்கினார். மிசலுக்கு அவசரப்பட்டவர்கள் எல்லாரும் படிக்காமலே போட்டார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஒரு குழுவுக்கு அதை அனுப்பினார். குழுவிலிருந்து ஓர் அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையிலேயே கலந்துகொண்டு நேரில் பார்க்க வருவதாகப் பதிலும் வந்துவிட்டது. அந்த அம்மாள் சரியென்று சொன்னால் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. பில்டர் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கப் போய்விடுவான்.

காகூ என்னிடம் வந்தாள். "அண்ணாகிட்ட நீ சொல்லு டீச்சர். நீ சொன்னா கேட்பார்."

போனேன். அவர் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். காகாவின் முழங்கால், படி, தண்ணீர் குடிக்காதது. பொறுமையாகக் கேட்டார். என்னை வழியனுப்ப லிஃப்ட் வரை வந்தார்.

"பாரம்பரியம்னா சும்மாவா டீச்சர்? கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்."

"யாருக்கு அங்கிள்?"

"எல்லாத்துக்குந்தான்," என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினார். அது வரத் தாமதமானதில் அவருக்கு எரிச்சல்.

அந்த ஞாயிறு வந்தது. அன்று அவரோடு நானும் விடியும்போதே வாடாவுக்குப் போனேன். உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

முற்றம் முழுக்கப் பிளாஸ்டிக். சிவப்பு வாளி, பச்சை வாளி, மஞ்சள் கூடை, உடைந்த நாற்காலி, யாரோ அடுக்கி வைத்திருந்த தண்ணீர் கேன்கள். ஸ்கூட்டர்கள் வரிசையாக உள்ளே நின்றன. கொடியில் ஓர் அங்குலம் இடமில்லாமல் நைட்டிகள். ஹெட்போன் பையன் அன்றைக்கு முற்றத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தான். நீல டிரம்மைத் தேய்த்துக் கழுவி, மூடியைத் திறந்து, விளிம்பு வரை நிரப்பி, ரோஸ் கலர் மக்கை மேலே மிதக்கவிட்டிருந்தார்கள். காகூ கவுனும் ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபுமாக நின்று, "வாங்க அண்ணா, சாய் குடிங்க," என்றாள்.

அவர் போர்வையைப் பையிலிருந்து பாதி எடுத்து, சுற்றிலும் பார்த்தார். ஒரு போர்வையால் ஆகிற காரியமாக அது இல்லை. குடத்தை மட்டும் எடுத்துக் கிணற்று மேடையில் வைத்தார். சாயை வாங்கிக் குடித்தார். மனது சரியில்லாமல் சந்து முனைக் கடையில் இன்னொன்றும் குடித்தார்.

குழுவிலிருந்து வந்த அம்மாள் அதிகம் பேசாதவர். கூட்டத்தோடு நடந்து வந்தார், தூணைத் தட்டினார், கதவை நகத்தால் சுரண்டினார். அங்கிள் பிளாஸ்டிக்கெல்லாம் கண்ணிலேயே படாதவர் மாதிரி மரவேலை பற்றிப் பொழிந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் நிமிர்ந்து, "மாடியைப் பார்க்கலாமா?" என்றார்.

அத்தனை வருஷத்தில் அங்கிள் மாடிக்குப் போனதே இல்லை. அவருடைய வாடா முற்றத்தோடு முடிந்துவிடும். ஆனால் அன்று மறுக்க முடியுமா? கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்னால் அந்த அம்மாள், காகூ, நான். மேலே ஜன்னலோரம் காகா உட்கார்ந்து வணக்கம் வைத்தார். அங்கிள் உத்தரத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தவர், ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். எழுபது தாண்டிய உடம்பு, குளிர், இரண்டு சாய். காகூவின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார்.

காகூ ஜன்னல் வழியாகக் கீழே, முற்றத்தின் அந்தக் கடைசியைக் காட்டினாள்.

அவர் படியைப் பார்த்தார். ஏறும்போது அது அவ்வளவு செங்குத்தாக இருந்ததாக எனக்கும் நினைவில்லை. ஒரு காலை வைத்தார், எடுத்தார். இன்னொரு காலை வைத்துப் பார்த்தார்.

ஜன்னலோரத்திலிருந்து காகாவின் குரல் வந்தது. "உட்கார்ந்துக்கங்க அண்ணா. வெட்கப்படாதீங்க. கயிறு இடது கையில. கீழே பார்க்காதீங்க. ஒரு படி, அப்புறம் மூச்சு விடுங்க. இன்னொரு படி."

ஊருக்கெல்லாம் வழிகாட்டியவர் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். கீழே முற்றத்தில் குரங்குக் குல்லாய்கள் எல்லாம் போனைத் தூக்க ஆரம்பித்தன. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "எல்லாரும் திரும்பி அந்தக் கதவைப் பாருங்க! அந்த மாதிரிக் கதவு புனேயிலேயே கிடையாது!" என்று மேலிருந்து பள்ளிக்கூடக் குரலில் கத்தினேன். இருபது பேரும் திரும்பிச் சாதாரணமான ஒரு கதவைப் படம் எடுத்தார்கள்.

கீழே இறங்கியவர் ஓடினார். கழிப்பறை வாசல் வரை போய், தண்ணீர் இல்லையே என்று திரும்பி வந்தார். காகூ ஜன்னலிலிருந்து, கேலி துளியும் இல்லாமல், உதவியாகத்தான் சொன்னாள்: "அந்தக் குடத்துல எடுத்துட்டுப் போங்க அண்ணா. உங்களோடதுதானே?"

அவர் குடத்தைப் பார்த்தார். ரோஸ் கலர் மக்கை எடுத்தார்.

அவர் வெளியே வந்தபோது அந்த அம்மாளும் இறங்கி வந்து முற்றத்தில் நின்றிருந்தார். "சொல்லுங்கள், இது அப்படியே இருக்க வேண்டுமா?" என்று மரியாதையோடு கேட்டார். இதற்காகத்தான் அங்கிள் மாதக் கணக்கில் பேச்சுத் தயாரித்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் காத்திருந்தோம். மேலே ஜன்னலில் காகாவும் காகூவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாடியில பாத்ரூம் இல்ல மேடம்," என்றார்.

அவ்வளவுதான் பேசினார். அன்றைக்கு மிசல் சாப்பிடவும் வரவில்லை. குடத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

வாடா இடிபட்டது. அவர் இரண்டு குளிர்காலம் நடையை வேறு சந்தில் முடித்தார், இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு வார்த்தை தவறு என்று ஒப்புக்கொண்டதும் இல்லை. "எல்லாரும் சேந்து ஒரு நல்ல வீட்டக் கெடுத்துப்புட்டாங்க," என்று என்னிடம் மட்டும் முனகுவார். அந்த எல்லாரில் அவரும் உண்டா என்று நான் கேட்கவில்லை.

புதுக் கட்டடம் எழுந்து, காகூ நாலாவது மாடியில் கிரகப்பிரவேசம் வைத்தாள். பழைய மரத்தூண் இரண்டை மட்டும் பில்டர் லிஃப்டுக்கு இரண்டு பக்கமும் நட்டு வைத்து, ஒன்றின் மேல் 'துப்பாதீர்கள்' என்று ஒட்டியிருந்தான். நான் போனபோது அங்கிள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். விசேஷம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. கையில் அதே துணிப்பை. இங்கே என்னத்தை ஒளிக்கப்போகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது. அவர் குடத்தை எடுத்துக் காகூவின் கையில் கொடுத்தார். "வீட்டுக்காரியும் சரின்னுட்டா. நீங்களே வச்சுக்கிடுங்க." காகூ அப்போதே அதில் பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து ஒன்றைச் செருகி டிவி பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

பிறகு பால்கனிப் பக்கம் போனவர் நின்றார். அங்கே நீல டிரம் நின்றது. திறந்தால் கொட்டுகிற குழாய்கள் வந்த பிறகும் காகூவுக்கு அதை விட மனம் வரவில்லை. மேலே ரோஸ் கலர் மக். அவர் கை பையை நோக்கிப் போனது. பைக்குள் போர்வை இருந்ததை நான் பார்த்தேன்.

கை திரும்பி வந்து டிரம்மின் விளிம்பைத் தொட்டது. தொண்டையைச் செருமினார். காகூவின் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய நெல்லை இந்தியில், பழைய மிடுக்கு குறையாமல், ஆரம்பித்தார்.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க. இந்த வீட்டிலேயே ரொம்பப் பழைய பொருள் இதுதான். காலையில ஒரு மணி நேரம்தான் தண்ணி வரும். ஏழெட்டுக் குடும்பம் இதை நம்பி இருந்தது. இதுலேருந்து ஒரு வாளி தண்ணிய அந்தப் படியில தூக்கிட்டுப் போறது என்ன பாடுன்னு காகூகிட்ட கேளுங்க. நடுவுல சில வருஷம் யாரோ ஒரு ஆள் ஞாயித்துக்கிழமை தோறும் வந்து இதைப் போர்வை போட்டு மூடி வச்சிருந்தார். ஏன்னு அறிஞர்களுக்கே இன்னும் தெரியல."

காகூ சிரித்துச் சிரித்து ஸ்கார்ஃபால் கண்ணைத் துடைத்தாள். காகா தன் நாற்காலியிலிருந்து, கையில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, "இன்னும் சொல்லுங்க அண்ணா," என்றார். பிள்ளைகள் டிரம்மைச் சுற்றிக் கூடின. யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் என்னை அறியாமலே நகர்ந்து, கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.